கொக்குகளுக்குப் போட்ட பந்தி

சொந்த அணி தோற்க வேண்டும் என்று கோயிலில் அர்ச்சனை செய்தவன் நான். இதை எழுதிவிட்டால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன். (இறங்காது. தெரியும்.)

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஐந்தாறு வருடங்கள் கழிந்திருக்கும். தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊருக்குக் கிட்ட, ஒரு விளையாட்டு மண்டபத்தில் வேலை பார்த்தேன். வயது இருபத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. பதவியின் பெயர் டியூட்டி அசிஸ்டன்ற். கதவு திறப்பது, கதவு பூட்டுவது, இரண்டுக்கும் நடுவில் தரை துடைப்பது, அவ்வளவுதான். ஆனால் என் அக்கா வீட்டில் நான் மனேஜர். அந்தப் பதவி உயர்வை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அத்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் "தம்பி அங்க என்னவா இருக்கிறீர்?" என்று கேட்டபோது என் வாயில் சோறு இருந்தது. சுருக்கமாகப் பதில் சொல்லவேண்டி வந்தது. "மனேஜர்" சுருக்கமாக இருந்தது.

அந்த மண்டபம்தான் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணிக்குச் சொந்தக் களம். அணியின் பெயர் ஹெரன்ஸ். ஹெரன் என்றால் கொக்குச் சாதி. பையன்களும் நெடுநெடுவென்று இருந்ததால் பெயர் பொருந்தியது. எங்கள் வீட்டில் "தம்பியின்ர கொக்குகள்" என்றே சொல்வார்கள். தொழில்முறை என்றதும் தொலைக்காட்சியில் வரும் அமெரிக்க ஆட்டங்களை நினைத்துவிட வேண்டாம். இங்கே பாதிப்பேர் பகலில் வேறு வேலைக்குப் போவார்கள். இழுத்தால் விரியும் மரப் படிக்கட்டுகள்தான் பார்வையாளர் இருக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இழுப்பவன் நான். மடக்குபவனும் நான்.

முந்திய வருடம் கொக்குகள் நாலே நாலு ஆட்டம் வென்றார்கள். அதில் ஒன்று, எதிரணியின் பஸ் வழியில் பழுதாகி அவர்கள் வந்து சேராததால். கோச் ரொனி என்ற வெள்ளைக்கார மனிதர், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நான் துடைக்கும் தரையைப் பார்த்தபடி நின்று ஏதாவது ஒன்று சொல்வார். "தயா, தோற்பதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் கையெழுத்துக் கேட்டுத் தொல்லை தருவதில்லை" என்பார். (மனிதர்கள் போகிற போக்கில் சொல்லும் வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். படிப்பு அதிகம் இல்லாதவனுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.) அந்த அணியில் எனக்கு உயிர். அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி வரப்போகும் துரோகத்தின் பருமன் உங்களுக்கு விளங்காது.

ஐப்பசி மாதம் அக்கா போன் எடுத்தா. அவவின் மகள், என் மருமகள் அபி, பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்திய வீடு (பூப்பு நீராட்டு விழா) செய்ய வேண்டும். சாத்திரியார் பார்த்துக் கொடுத்தது ஏப்ரல் கடைசி ஞாயிறு. அதைவிட்டால் அந்த வருடத்தில் அபியின் நட்சத்திரத்துக்கு நாள் இல்லை. ஹரோவில் கேட்டாகிவிட்டது, டூட்டிங்கில் கேட்டாகிவிட்டது. தமிழ்ச்சனம் வழக்கமாக எடுக்கும் எந்த மண்டபமும் அந்த நாளில் காலி இல்லை.

"நீ மனேஜரா இருந்துகொண்டு நாங்கள் ஹோல் தேடித் திரியிறதே? நாலு பேர் கேட்டாச் சிரிக்க மாட்டினமே?" என்றா அக்கா.

"அது விளையாட்டு ஹோல் அக்கா."

"அதனால என்ன? பெரிசா இருக்கும்தானே?"

"அங்க சாப்பாடு குடுக்க விடமாட்டாங்கள்."

"ஆர் விடமாட்டாங்கள்? மனேஜர் நீதானே?"

இதற்குப் பதில் சொல்ல ஒரே வழி, உண்மையைச் சொல்வது. அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்னவென்றால் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கு நேரே, உண்மையான மனேஜரான கேரன், பென்சிலால் எழுதி வைத்திருந்தா: "பிளேஓஃப் காலிறுதி. தேவைப்பட்டால்."

விளக்குகிறேன். லீக்கில் பத்து அணிகள். வருடம் முழுக்க ஆடி முடிந்ததும் முதல் எட்டு அணிகள் மோதும் வெளியேற்றச் சுற்றுக்குத்தான் பிளேஓஃப் என்று பெயர். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதில் காலிறுதியைத் தங்கள் சொந்த மண்டபத்தில் நடத்தும் உரிமை முதல் நாலு இடத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும். எங்கள் கொக்குகள் பத்தாவது இடம். அதற்கு முந்திய வருடமும் பத்தாவது. பதினோராவது இடம் என்று ஒன்று இருந்திருந்தால் அதற்கும் முயற்சி செய்திருப்பார்கள்.

"தேவைப்பட்டால்" என்ற சொல்லைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அழிறப்பரை எடுத்து அதை அழித்தேன். பேனாவால், கொட்டை எழுத்தில், "குடும்ப பட்மின்டன், முழுநாள்" என்று எழுதினேன். சாப்பாடு, மணவறை, ஆலத்தி எல்லாம் அந்த பட்மின்டனுக்குள் அடக்கம்.

கார்த்திகையில் மார்க்கஸ் வந்தான்.

அமெரிக்கப் பையன். ஆறடி பத்து அங்குலம். எங்கள் மண்டபத்துக் கழிவறை வாசலில் குனியாமல் நுழைந்து முதல் நாளே நெற்றியில் வீங்கியவன். பனிக்கட்டி வைத்துவிட்டவன் நான். "நன்றி மிஸ்டர் தயா" என்றான். அந்தக் கட்டடத்தில் என்னை மிஸ்டர் என்று சொன்ன முதல் ஆள். அவன் கை உயர்த்தினால் வளையத்துக்கும் விரலுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருக்கும். முதல் ஆட்டத்தில் கொக்குகள் வென்றார்கள். நான் விசில் அடித்தேன். இரண்டாவதும் வென்றார்கள். மூன்றாவதும் வென்றபோது, விசிலுக்காக வாயில் வைத்த விரல் அப்படியே நின்றது. மனதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போனது.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகை நேரம், ஏழாவது இடம். "ஏழு பரவாயில்லை, ஏழாவது ஆள் வெளியூரில்தான் காலிறுதி ஆட வேண்டும்" என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். தை மாதம் ஆறு. மாசியில் ஐந்து. மற்றவர்கள் வானிலை பார்ப்பதுபோல் நான் லீக் பட்டியல் பார்க்கத் தொடங்கினேன். உடம்பு இளைத்தது. மண்டபத்தில் எல்லோரும் ஒரே கொண்டாட்டம். கோச் ரொனி சந்தோஷத்தில் என் முதுகில் அறைவார், எனக்கு இருமல் வரும். அங்கே அக்கா வீட்டில், மயில் படம் போட்ட அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. அதில் எங்கள் மண்டபத்தின் விலாசம், தபால் குறியீட்டோடு. பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்று சனம் ரிக்கற் போட்டுவிட்டது.

ஒருநாள் துணிந்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள அத்தானின் டூட்டிங் கடைக்குப் போனேன். அத்தான் லண்டனுக்கு வரமுன் ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். ஜெர்மனியைச் சேர்க்காமல் அவருக்கு ஒரு வசனமும் முடியாது. முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அத்தான், அந்த ஹோல் விசயம்..." என்று தொடங்கினேன்.

"உம்மில எனக்குப் பூரண நம்பிக்கை, தம்பி" என்றார் அவர், என் தோளில் கை வைத்து. "நான் என்ர சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். எங்கட பிள்ளையின்ர தாய்மாமன் தன்ர சொந்த ஹோலில செய்விக்கிறான் எண்டு. ஜெர்மனியில எண்டால் இப்பிடி ஒரு தாய்மாமன் கிடையாது."

நான் அரைக் கிலோ வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இனிக் கடவுள்தான் என்று தோன்றியது. லீக்கின் கடைசி ஆட்டம், எங்கள் மண்டபத்தில். வென்றால் நாலாவது இடம். அதாவது காலிறுதி எங்கள் வீட்டில். தோற்றால் ஐந்தாவது, எங்கேயோ வடக்கே போய் ஆடுவார்கள், நான் நிம்மதியாக மருமகளுக்கு மாலை போடுவேன். ஆட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கினார்.

"ஆற்ற பேருக்கு?"

எதிரணித் தலைவனின் பெயர்தான் எனக்குத் தெரியும். "ஸ்டீவன்" என்றேன்.

ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா."

"ராசி?"

"அதுவும் தெரியாது. உயரம் ஆறடி எட்டு."

ஐயர் நல்ல மனிதர். மேலே கேட்கவில்லை. ஸ்டீவனுக்குச் சகல காரிய சித்தியும் வேண்டிக்கொண்டு திருநீறு தந்தார். வெளியே வந்து செருப்பைப் போடும்போது எனக்கு மார்க்கஸின் முகம் ஞாபகம் வந்தது. செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை போய்விட்டேன்.

அர்ச்சனை ஓரளவுக்கு வேலை செய்தது. ஸ்டீவன் அன்று ஆடிய ஆட்டத்தை அவன் தாய்கூட நம்பியிருக்க மாட்டாள். கடைசி ஆறு செக்கன் இருக்கும்போது கொக்குகள் ஒரு புள்ளி பின்னால். நான் தீயணைப்புக் கதவோடு ஒட்டி நின்றேன். எங்கள் பையன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் துள்ளி வெளியே வந்தது. "முருகா, நன்றி" என்று வாய் திறந்தேன். அந்தப் பந்தை மார்க்கஸ் ஆகாயத்திலேயே பிடித்து, திரும்பவும் உள்ளே வைத்தான். முடிவு ஊதல் ஒலித்தது.

சனம் களத்துக்குள் பாய்ந்தது. கோச் ரொனி நேராக என்னிடம் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "தயா, வீட்டில் ஆடப் போகிறோம்! இந்த மண்டபத்தில்!" நானும் அழுதேன். என் கண்ணீரைப் பார்த்து அவர் இன்னும் உருகிப்போனார்.

திங்கட்கிழமை கேரன் பதிவுப் புத்தகத்தைத் திறந்தா.

"இங்கே பென்சிலால் எழுதியிருந்தேனே. இது என்ன, பட்மின்டன்? அவர்களை வேறு நாளுக்கு மாற்று."

"முடியாது கேரன். பாரிஸில் இருந்து எல்லாம் வருகிறார்கள்."

"பட்மின்டனுக்கா?"

"பெரிய குடும்பம்" என்றேன்.

கேரன் புத்தகத்தை மூடினா. பிறகு, ஆட்டம் ஐந்து மணிக்கு, ஒரு உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வருவேன், இரண்டரைக்குப் பிறகு ஒரு இறகுப்பந்துகூட என் கண்ணில் படக்கூடாது என்றா. நான் தலையாட்டினேன். ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டுக்கு முடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். தமிழ்ச்சனத்தின் விழா ஒன்றை மணிக்கூட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டவன் எவ்வளவு பயத்தில் இருந்திருப்பான் என்று நீங்களே யோசியுங்கள்.

அந்த ஞாயிறு விடிந்தது. வீட்டில் அபிக்குத் தண்ணி வார்ப்பு முடித்து, பட்டு வேட்டி, சால்வை, கழுத்தில் மண்டபத்து அடையாள அட்டை, இடுப்பில் வோக்கிடோக்கியோடு மண்டபத்துக்கு வந்தேன். களத்துக்கு மேல் கம்பளம் விரித்தாயிற்று. மணவறையை எங்கே வைப்பது என்று அலங்காரக்காரர் தாங்களே முடிவெடுத்திருந்தார்கள்: கூடை வளையத்துக்கு நேர் கீழே. வளையத்தில் மல்லிகைச் சரம், பின்பலகையில் தங்கநிறப் பலூன்கள். பந்தி இரண்டு ஸ்குவாஷ் அறைகளுக்குள். அவற்றின் பின்சுவர் கண்ணாடி. வெளியில் இருந்து பார்க்க, மீன்தொட்டிக்குள் சனம் இருந்து சோறு சாப்பிடுவதுபோல் இருந்தது.

ஒன்பதுக்கு வரவேண்டிய ஒப்பனைக்காரி பத்தே முக்காலுக்கு வந்தா. ஒப்பனை முடியப் பன்னிரண்டு. தோழிப்பெண்கள் முன்னால் வர, அபி உள்ளே வந்தாள். ஆலத்தி தொடங்கியது. சோடி சோடியாக வந்தார்கள். ஒவ்வொரு சோடியும் முடிய ஃபோட்டோ. ஃபோட்டோக்காரன் ஒவ்வொருவரிடமும் "இன்னொருக்கா, சிரிச்சு" என்றான். நான் மேடையில் தாய்மாமனாக நின்று சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். (இன்றைக்கும் அந்த ஃபோட்டோக்களில் எல்லோரும் கமராவைப் பார்க்க, நான் மட்டும் வானத்தில் எதையோ தேடுகிறேன்.)

"மாமா, ஆர் யூ ஓகே? வேர்க்குது உங்களுக்கு" என்று அபி மெதுவாகக் கேட்டாள்.

"சந்தோசம் பிள்ளை."

"லுக்ஸ் லைக் ஃபீவர், மாமா."

ஒன்றே கால். மண்டபத்தின் பெரிய கதவு திறந்தது. வாசலில் பன்னிரண்டு கொக்குகளும் கோச் ரொனியும் நின்றார்கள், தோளில் பைகளோடு.

முக்கியமான ஆட்ட நாட்களில் அணி முன்கூட்டியே வந்து ஒரு மணித்தியாலம் பந்து எறிந்து பழகும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம். அந்தக் கதவை எத்தனையோ தடவை நானே திறந்துவிட்டிருக்கிறேன். ஆனால் கவலையில் என் மூளை இரண்டு மணி, மூன்று மணி, ஐந்து மணி என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் வெளியே எறிந்துவிட்டிருந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினேன்.

கோச் ரொனி வளையத்தில் தொங்கிய மல்லிகையைப் பார்த்தார். என் வேட்டியைப் பார்த்தார்.

"தயா" என்றார் அமைதியாக, "இது பட்மின்டன் இல்லை."

"நான் விளங்கப்படுத்துகிறேன்" என்று தொடங்கும்போதே எனக்குப் பின்னால் பட்டுச்சேலை சரசரத்தது. அக்கா.

எங்கள் சனத்தின் வழக்கம் ஒன்று உண்டு. சாமத்திய வீட்டுக்கு வந்து வாசலில் நிற்பவனை யார், எவர், யார் பக்கத்து ஆள் என்று கேட்பதில்லை. வந்தால் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் போனால் அது வீட்டுக்காரருக்கு வெட்கம். அக்கா பார்த்தது பதின்மூன்று பேர், சாப்பிடாத முகத்தோடு.

"தம்பி, உன்ர வேலையிடத்து ஆக்களே? ஏன் வாசல்ல வச்சுக் கதைக்கிறாய்? கூட்டிக்கொண்டு வா!"

"அக்கா, இவைக்கு அஞ்சு மணிக்கு மட்ச்."

"அஞ்சு மணிக்குத்தானே? இப்ப ஒண்டேகால். சாப்பிட எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஏலாது அக்கா. இவை மட்சுக்கு முன்னம் வாழைப்பழமும் தண்ணியும்தான்."

"வாழைப்பழமும் இருக்கு" என்றா அக்கா, பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல். பிறகு மார்க்கஸின் முழங்கையைப் பிடித்தா. அதற்கு மேல் அவவுக்கு எட்டவில்லை. "கம், மகன். ஈட்."

கோச் ரொனி ஏதோ சொல்ல வாய் திறந்தார். அத்தான் அவருக்குக் கை கொடுத்து, "வெல்கம், வெல்கம். இன் ஜெர்மனி, ஃபுட்போல் டீம் ஈட் ஃபர்ஸ்ட்" என்று ஒரு பொய்யை ஆங்கிலத்தில் சொல்லி ஸ்குவாஷ் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். ஐந்து நிமிடத்தில் கொக்குகள் வரிசையாகக் கண்ணாடிச் சுவரோடு அமர்ந்திருந்தார்கள். முழங்கால்கள் காதுவரை.

முதலில் பிளாஸ்டிக் கப்பில் பாயாசம் வந்தது. அதைக் குடித்ததும் அவர்கள் முகம் மாறியது. பிறகு சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய். "போதும்" என்று தட்டை இரண்டு கையாலும் மூடிய பையன்களின் விரலிடுக்கு வழியாக அக்கா சோறு போட்டா. மார்க்கஸ் ஏழு வடை தின்றான். எண்ணியது நான். ஒவ்வொரு வடையும் என் நெஞ்சில் இறங்கியது.

"இந்தப் பிள்ளைக்கு ஊரில தாய் இருக்கிறாவோ?" என்று அக்கா என்னிடம் கேட்டா. நான் கேட்டுச் சொன்னேன். இருக்கிறா, ஆறு மாதமாகப் பார்க்கவில்லை என்றான் மார்க்கஸ். அவ்வளவுதான். எட்டாவது வடையும் இன்னொரு கப் பாயாசமும் வந்தன.

ஒன்று ஐம்பது. "எழும்புங்கோ! எழும்புங்கோ!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு ஸ்குவாஷ் அறைக்குள் பாய்ந்தேன். எல்லோரையும் எழுப்பினேன். எழும்பிய கொக்குகள் செய்த காரியத்தை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மணவறையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஏணி தேவைப்படவில்லை. பலூன்களை மார்க்கஸ் ஒரு சின்னக் குதிப்பில் கழற்றினான். நாற்காலிகள் கைக்குக் கை மாறிப் போயின. ஆலத்தி எடுக்காமல் மிஞ்சியிருந்த இரண்டு மாமிமார் "இன்னும் நாங்கள் எடுக்கேல்லை" என்று கோபிக்க, அபியை வரவேற்பு மேசைக்கு முன்னால் நிறுத்தினோம். சோடிக்கு ஆள் குறைந்தது. அக்கா மார்க்கஸைக் கூப்பிட்டா. அவன் மூன்று வாழைப்பழத் துண்டில் திரி எரியும் தட்டை மிகக் கவனமாகப் பிடித்து, அபியின் தலைக்கு மேல் அல்ல, தன் நெஞ்சுக்கு நேரே சுற்றினான். இரண்டும் ஒரே உயரம்தான்.

இரண்டே முக்காலுக்குக் கேரன் வந்துவிட்டா. ஞானஸ்நானம் நேரத்துக்கு முடிந்துவிட்டதாம். (அவர்களுக்கு முடியும்.) வரவேற்பறையில் கம்பளச் சுருளும் குத்துவிளக்கும் பாயாச வாளியும் கிடந்தன. வேட்டியோடு நான் நின்றேன்.

"இங்கே யார் பொறுப்பு?" என்று கேட்டா கேரன்.

அக்கா பெருமையோடு என்னைக் காட்டினா. "மை பிரதர். மனேஜர்."

கேரன் அக்காவைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "மனேஜர் நான்தான்" என்றா.

பாயாச வாளிக்குள் அகப்பை சரிந்து விழுந்தது. அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப தம்பி, நீர் இங்க ஆர்?"

"கதவு திறக்கிறனான், அத்தான்" என்றேன்.

அவர் அன்று ஜெர்மனியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மண்டபம் நிறைந்த சனம். அக்கா வீட்டாரும் போகாமல் பட்டுச்சேலைகளோடு மேல் வரிசையில் இருந்துவிட்டார்கள். நான் வேட்டியை மாற்றி, சீருடையில், தரை துடைக்கும் துணியோடு கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தேன். சாமத்திய வீடு முடிந்துவிட்டது. இனி இவர்கள் தோற்க வேண்டிய தேவை உலகத்தில் ஒருவருக்கும் இல்லை. நாலைந்து மாதத்தில் முதன்முறையாக, என் கொக்குகள் வெல்ல வேண்டும் என்று முழு மனதோடு கும்பிட்டேன்.

கொக்குகள் ஓடவில்லை. நடந்தார்கள். மார்க்கஸ் குதித்தான், ஆனால் நிலத்துக்கும் அவனுக்கும் இடையில் ஒரு நாளிதழ்தான் நுழையும். எதிரணி அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒரு பையன் ஓய்வு கேட்டு வந்து, அணியின் வாங்கில் குந்தி, ஏவறை (ஏப்பம்தான்) விட்டான். அது மூன்றாம் வரிசைவரை கேட்டது. இடைவேளைக்குள் இருபத்திரண்டு புள்ளி பின்னால். கோச் ரொனி ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பும்போது நான் காய்ந்த தரையைத் துடைத்தேன்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் கால்பகுதியில் மார்க்கஸ் பெரிதாக ஒரு ஏவறை விட்டான். விட்டதும் ஓடத் தொடங்கினான். மற்றவர்களும் ஓடினார்கள். இருபத்திரண்டு பதினைந்தாகியது, ஒன்பதாகியது, நாலாகியது. மேல் வரிசையில் மாமிமார் எழும்பி நின்று, விதி ஒன்றும் தெரியாமலே, "போடு ராசா, போடு!" என்று கத்தினார்கள். கடைசி மூன்று செக்கன். இரண்டு புள்ளி பின்னால். பந்து மார்க்கஸ் கையில். அவன் எழும்பினான். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. ஒரு வடைத் தடிப்பு மேலே போயிருந்தால் உள்ளே விழுந்திருக்கும்.

அந்தப் பருவம் அதோடு முடிந்தது.

எல்லோரும் போனபிறகு உடைமாற்றும் அறைக்குப் போய், கோச் ரொனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த பென்சில், பேனா பட்மின்டன், ஸ்டீவனுக்குச் செய்த அர்ச்சனை வரை. கேரனும் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தா. வேலை போகும் என்று நினைத்து, மண்டபத்துக் கதவுகளின் திறப்புக் கோர்வையைக் கழற்றி மேசையில் வைத்தேன். கோச் ரொனி குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"இந்த வருடம் முழுக்க மார்க்கஸை நிறுத்த ஒன்பது அணிகளும் பாடுபட்டன" என்றார். "ஒருவராலும் முடியவில்லை. உன் அக்கா ஒரு கையில் அகப்பையோடு நிறுத்திவிட்டா."

கேரன் திறப்புகளை என் பக்கம் தள்ளினா. எழுத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தா. பதிவுப் புத்தகத்துக்கு அன்றிலிருந்து பூட்டு. அந்த மண்டபத்தில் நான் மேலும் எட்டு வருடம் வேலை செய்தேன். அந்தப் புத்தகத்தின் உள்பக்கத்தை மறுபடி பார்த்தது இல்லை. கொக்குகள் அடுத்த வருடம் ஒன்பதாவது இடம். மார்க்கஸ் தாயிடம் போய்விட்டான். போகமுன் அக்கா வீட்டுக்கு வந்து விடைபெற்றான். கையில் ஒரு டப்பா வடையோடு விமானம் ஏறினான்.

இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது இரண்டாம் தரம் சோறு வேண்டாம் என்றால் "போதும்" என்று சொல்வதில்லை. தட்டை மூடிக்கொண்டு "எனக்கு பிளேஓஃப் இருக்கு" என்பார்கள். அபியின் பிள்ளைகளும், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே, அப்படித்தான் சொல்கிறார்கள். அத்தான் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது இப்போதும் "இவர் மனேஜர்" என்று சொல்லி, அவர்கள் மரியாதையாகத் தலையாட்டும்வரை பொறுத்திருந்து, பிறகு சிரிக்கத் தொடங்குவார்.

அக்கா மட்டும் சிரிப்பதில்லை. அவவுக்கு இது இன்னும் முடியாத வழக்கு. போன மாதமும் சாப்பாட்டு மேசையில் யாரோ அந்தக் கதையை எடுக்க, அவ அகப்பையைக் கீழே வைத்தா.

"என்ர சாப்பாட்டால ஆரும் தோக்கேல்லை. பாதிக்குப் பிறகு செமிச்ச உடன எப்பிடி ஓடினவங்கள் எண்டு பாத்தனீங்கள்தானே? கடைசியா ரசம் வர இருந்தது. ரெண்டு வாய் ரசம் குடிச்சிருந்தால் முதலே செமிச்சிருக்கும். கப் எங்கட வீட்டில இருந்திருக்கும்." பிறகு, எல்லோருக்கும் முன்னால் என் பக்கம் விரலை நீட்டினா. "இந்த விசரன்தான் ரசம் வரமுன்னம் பிள்ளையளை எழுப்பினவன்."